அண்ணி போட்ட முதல் உத்தரவு

1

இந்தக் கதை கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. ஒரு நிறுவனப் பத்திரிகையின் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, "புதுசா தலைமைப் பொறுப்புக்கு வர்றவங்க முதல் வாரத்துல என்ன செய்யணும்னு பத்து யோசனை எழுதிக் குடுங்க சார்" என்றார். வாழ்நாளில் ஒருவருக்கும் மேலதிகாரியாக இருந்திராத என்னிடம் கேட்டார். என் வீட்டில் மின்விசிறியை நிறுத்தச் சொன்னால்கூட யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். தெரியாத விஷயத்தை எழுதுவதில் எனக்கு இருக்கும் துணிச்சல் தெரிந்த விஷயத்தில் வந்ததே இல்லை.

முதல் யோசனை: "எல்லோரையும் தனித்தனியாகச் சந்தித்துப் பேசுங்கள்." இரண்டாவது: "உள்ளே நுழைந்ததும் தெளிவான, உறுதியான குரலில்..."

அதற்கு மேல் பேனா நகரவில்லை. உறுதியான குரலுக்கு மனிதர் எங்கே போவார்? அந்த வாக்கியத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். திரும்பி வந்து பார்த்தால் அதன் பக்கத்தில் அண்ணி என்றொரு கதாபாத்திரம் வந்து நின்றிருந்தாள்.

2

அண்ணிக்கு ஒரு தொடக்கம் தேவைப்பட்டது. முதலில் எழுதியது:

"ஆவி மண்டிய அந்தச் சலவைக்கூடத்தின் வாசலில், புதிய பொறுப்பின் பாரம் தோளை அழுத்த, அவள்..."

(வேண்டாம். தோளில் இருந்தது கைப்பை. அதற்குள் மதியச் சாப்பாடு.)

அடுத்தது:

"ஒரு காலத்தில் அந்தக் கூடத்தையே சிரிக்க வைத்தவள்..."

(என்ன ஒரு காலத்தில்? போன வெள்ளிக்கிழமை வரை சிரிக்க வைத்தாள்.)

சரி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் பெரிய சலவைக்கூடம் அது. ஒரு பக்கம் துவைக்கும் இயந்திரங்கள், நடுவில் உலர்த்திகள், கடைசியில் இஸ்திரி உருளை. இந்த உருளை கட்டிலைவிட நீளம், தொட்டால் தோல் போய்விடும் சூடு. ஈர விரிப்பின் இரண்டு முனைகளையும் இரண்டு பேர் பிடித்து முன்பக்கம் ஊட்டினால், பின்பக்கம் சுருக்கமில்லாமல் வெளியே வரும். அண்ணி அங்கே ஒரு முனையைப் பிடித்தே பல வருடம் ஓட்டியவள். மறுமுனையில் அவள் நாத்தனார், கணவனின் தங்கை. அவள் வாய்க்கு வாய் "அண்ணி, அண்ணி" என்றதில் கூடம் முழுவதற்கும் இவள் அண்ணி ஆகிவிட்டாள், வயதில் மூத்தவர்களுக்கும் சேர்த்து.

பழைய மேற்பார்வையாளருக்கு அங்கே 'செவுரு' என்று பெயர். எதைச் சொல்வதானாலும் ஒரு கனைப்பு கனைத்துவிட்டுத் தொடங்குவார். முடிக்கும்போது, "நான் சொல்றது புரியுதா, இல்ல செவுத்துக்கிட்ட பேசறேனா?" என்பார். தேநீர் இடைவேளையில் அண்ணி இதைச் செய்துகாட்டினால் எல்லோருக்கும் வயிறு வலிக்கும். அந்தக் கனைப்பு, இடுப்பில் ஊன்றிய கை, மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடி! கண்ணாடியே போடாத அண்ணியின் முகத்தில் அந்தக் கண்ணாடியைப் பார்த்ததாக நாத்தனார் அடித்துச் சொல்வாள்.

செவுரு ஓய்வு பெற்றார். அவர் நாற்காலியில் அண்ணியை உட்கார வைத்தார்கள்.

3

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையில் யாருக்கும் ஒன்றும் ஆகாது. என் பாத்திரங்களுக்கு அடிபட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. நீங்கள் தைரியமாகப் படிக்கலாம்.

எனக்குச் சந்தேகமெல்லாம் வக்கீலைப் பற்றித்தான். உலர்த்திகளைப் பார்த்துக்கொள்பவர். சட்டப் புத்தகத்தைக் கண்ணால் கண்டதில்லை. "ஏன்?" என்று கேட்காமல் ஒரு தலையணை உறையைக்கூட மடிக்க மாட்டார், அதனால் அந்தப் பெயர். நாற்காலி தனக்குத்தான் என்று நம்பியிருந்தவர். இவரை வில்லனாக்கலாம் என்று மீசையைக் கொஞ்சம் முறுக்கிவிட்டேன். முறுக்கிய மீசையோடு என்னைப் பார்த்து "ஏன்?" என்றார். உடனே நீவிவிட்டேன்.

திங்கட்கிழமையிலிருந்து அண்ணி ஓர் உத்தரவும் போடவில்லை. "முடிஞ்சா அந்த மூட்டையைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமா? அவசரமில்ல, உங்களுக்கு எப்ப தோதோ அப்ப..." என்று இழுப்பாள். இழுத்து முடிப்பதற்குள் தானே தூக்கி வைத்துவிடுவாள். இடுப்பு கழன்றுபோனது.

அதுகூடப் பரவாயில்லை. தேநீர் அறைக்குள் அவள் கால் வைத்ததும் பேச்சு பாதியில் நின்றது. அவளை வதைத்தது அதுதான். மேற்பார்வை ஒத்துவராவிட்டால் மறுபடி உருளைக்கே போய்விடலாம். இவர்களோடு சேர்ந்து சிரிக்கிற இடத்தையும் சேர்த்துப் பறிகொடுத்துவிட்டால் எங்கே போவது? வீட்டில் நாத்தனார்கூட ஒரு பங்கு மரியாதையைக் கூட்டியிருந்தாள்.

"ஏண்டி, யாரோ மாதிரி பேசற?"

"நான் என்ன பேசினேன் அண்ணி? நீங்க இப்ப பொறுப்புல இருக்கீங்க."

"பொறுப்பு அங்க. இங்க உன் பக்கத்துல உக்காந்து வெங்காயம் உரிக்கிறேன், கண்ணு தெரியலையா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் வசதியாகப் போயிற்று.

4

வியாழக்கிழமை காலை. உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை தவறி அதில் பட்டால் உருளை தானாக நின்றுவிடும். அண்ணி அந்தப் பக்கம் போனபோது பழக்கத்தில் அதை ஒரு தட்டு தட்டினாள். உருளை நிற்கவில்லை. மறுபடி தட்டினாள். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

நாத்தனார் ஊட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் மருத்துவமனை வண்டி காத்திருந்தது. இந்த இடத்தில் "முடிஞ்சா" என்று இழுக்க முடியாது.

அண்ணி வாயைத் திறந்தாள். தொண்டை வறண்டுபோயிருந்ததால் ஒரு கனைப்பு வந்தது. கை தன்னால் இடுப்புக்குப் போயிற்று. உத்தரவு என்றால் அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு குரல்தான், அதுவே வெளியே வந்தது.

"க்கும்! மெஷினை நிறுத்துங்க. நான் சொல்றது புரியுதா, இல்ல செவுத்துக்கிட்ட பேசறேனா?"

கூடம் வெடித்துச் சிரித்தது. நாலு நாளாகக் காணாமல் போயிருந்த அண்ணி திரும்பி வந்துவிட்டாள் என்று எல்லோருக்கும் அப்படி ஒரு சந்தோஷம்.*

* எனக்கும் இது நடப்பதுண்டு. கனமான இடம் வந்தால் என் பேனாவில் யாருடைய வாக்கியமோ வந்து உட்கார்ந்துகொள்ளும். 'பொறுப்பின் பாரம் தோளை அழுத்த' யாருடையது என்று தெரியவில்லை. சத்தியமாக என்னுடையது இல்லை. (அடிக்குறிப்பு எழுத நல்ல நேரம் பார்த்தேன். அங்கே உருளை சுற்றிக்கொண்டிருக்கிறது.)

நாத்தனார் தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரித்தாள். கைகள் மட்டும் பழக்கத்தில் விரிப்பைத் தள்ளின. விரிப்பின் ஓரத்தில் பிரிந்திருந்த நூல் அவள் கையுறையில் சுற்றியிருந்தது. விரிப்பு உள்ளே போனது. அதன் பின்னாலேயே கையுறையும் போனது.

"அடியே, கையை எடு! நிறுத்துடா வக்கீலு!"

அது தெளிவான குரலும் இல்லை, உறுதியான குரலும் இல்லை. கீச்சென்று கிளம்பி நடுவில் உடைந்தது. வக்கீல் ஒரே பாய்ச்சலில், உலர்த்திகளின் பக்கம் இருந்த, உருளையை நிறுத்தும் சிவப்புப் பொத்தானைக் குத்தினார்.

உருளை நின்றது. கையுறை உள்ளே, கை வெளியே. அண்ணி ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. பெருவிரல் நுனி மட்டும் சிவந்திருந்தது. (நான்தான் சொன்னேனே!) நாத்தனார் அழுதாள், அண்ணியும் அழுதாள். அழுதுகொண்டே திரும்பினாள்.

"கம்பியைச் சரி பண்ற வரைக்கும் இதை ஒருத்தரும் தொடக்கூடாது. உலர்ந்ததை அப்படியே மடிங்க. வண்டிக்காரர்கிட்ட நான் பேசிக்கறேன்."

வண்டிக்காரர் முகத்தைச் சுளித்தார். "எல்லாம் சுருக்கமா இருக்கே?"

"இருக்கட்டும். யார் கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லுங்க."

வண்டி போன பிறகுதான் உறைத்தது. அவள் உத்தரவு போட்டிருக்கிறாள். எல்லோரும் மடித்திருக்கிறார்கள். யாரும் சிரிக்கவில்லை, யாரும் நடுங்கவும் இல்லை.

5

இதற்கு எப்படி முடிவு கட்டுவது?

அண்ணி செவுருவின் வீட்டுக்குப் போகிறாள். அவர் கண்ணாடியை இறக்கி, "நீ என்னை மாதிரி பேசிக்காட்டுறது எனக்கு எப்பவோ தெரியும். அதுக்காகத்தான் உன் பேரையே சொன்னேன்" என்கிறார். எழுதிப் பார்த்தேன். அழகாக இருந்தது, அதனால் அடித்துவிட்டேன். ஓய்வு பெற்ற மனிதரை நிம்மதியாக இருக்க விடுவோம்.

இல்லையென்றால், கதவுக்குப் பின்னால் யாரோ அண்ணியின் கீச்சுக் குரலைச் செய்துகாட்ட, அதை அவளே கேட்டுவிட... இது உங்களுக்கு நாலாவது பகுதியிலேயே தோன்றியிருக்கும். உங்களுக்குத் தோன்றியதை உங்களிடமே விற்க எனக்கு மனமில்லை.

வெள்ளிக்கிழமை தேநீர் அறையில் நடந்தது இதுதான். அண்ணி உள்ளே வந்தாள். பேச்சு நிற்கவில்லை.

"என்னைப் பாத்து 'டா'ங்கறாங்க! எங்கம்மாவுக்கு அப்புறம் ஒருத்தரும் அப்படிக் கூப்பிட்டதில்ல" என்று வக்கீல் வாதாடிக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்கங்க அண்ணே, பதட்டத்துல வாய் தவறி..."

"மன்னிப்பெல்லாம் எதுக்கு? நான் ஏன்னு கேட்டேனா?"

அறை சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் நாத்தனார், பெருவிரலில் களிம்போடு, ஆரம்பித்தாள். "அண்ணி, ஒரே ஒரு தடவை. செவுரு மாதிரி."

எல்லாத் தலைகளும் திரும்பின. செய்தால், நாளைக்கு ஓர் ஆபத்தில் அவள் வாயைத் திறக்கும்போது யாராவது மறுபடி சிரிக்கலாம். மறுத்தால், இனி யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டும் அவளுக்குத் தெரியும். ஆனாலும் கேட்டார்களே! திங்கட்கிழமையிலிருந்து நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. அப்பாடா என்று இருந்தது.

"தள்ளி உக்காருடி" என்றாள்.

நாத்தனார் நகர்ந்தாள். அண்ணி அவளை இடித்துக்கொண்டு உட்கார்ந்து, தேநீரைக் கீழே வைத்தாள். இப்போது அவள் ஏதோ சொல்லப்போகிறாள். என்ன குரலில் என்று எனக்கும் ஆவல்தான். ஆனால் நான் எழுதினால் அது என் குரலாகிவிடும், அதனால் நான் கதவுக்கு வெளியே வந்துவிட்டேன். பெஞ்சில் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கிறது. நீங்கள் உள்ளே போங்கள்.