எண்ணோடு கேபிளும்

என் கணவர் ஏசுரத்தினம் எலிக்காய்ச்சலில் போன பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சோறு வெந்துகொண்டிருக்கும்போதே வாசலுக்குப் போவேன். வாசலில் நின்றால் மாடியில் இயந்திரங்கள் இரைவது கேட்கும். ஏலப்பாறைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு அவர் கொடுத்த இணையம் அங்கிருந்துதான் ஓடியது. அதை யாரிடமாவது தள்ளிவிட்டு, மாட்டுப்பட்டியில் மகள் ஜிஜி வீட்டுக்குப் போய்விட வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் நினைப்பு.

நல்லேப்பிள்ளியில் இதே தொழில் செய்யும் சஜ்ஜாத் வந்தார். அவருக்கு வேண்டியது எங்கள் இணைய முகவரி எண்கள். ஓர் இணைப்பை உலகம் அடையாளம் காண்பது அந்த எண்ணால்தான். புதிதாகக் கேட்டால் இப்போது அதிகம் கிடைக்காது. வைத்திருப்பவரிடம்தான் வாங்க வேண்டும்.

"ஏனுங்க்கா, கேபிளெல்லாம் எனக்கெதுக்குங்க? எண்ணை மட்டும் மாத்திக் குடுத்துருங்க."

சம்மதித்தேன். எண்களைப் பதிந்து கொடுக்கும் பதிவகம் மறுத்தது. வாங்கி ஐந்து வருடம் ஆகாத எண்களைத் தனியே கைமாற்ற விதி இடம் தராது. நிறுவனத்தையே ஒருவர் எடுத்து நடத்தினால் எண்களும் கூடவே போகலாம்.

"எடுத்து நடத்தறதா சொல்லீரலாமுங்க" என்றார் சஜ்ஜாத். "எண்ணு கைக்கு வந்ததும் இங்க இணைப்பை நிறுத்தீரலாம். இந்த மலையில ஆரு வந்து பாக்கப் போறாங்க?"

கேபிள் வேலை பார்க்கும் சின்னமுத்து பீடியை அணைத்தான். "நாங்க பாப்போம்ல மொதலாளி. நெட்டு இல்லாட்டி எங்களுக்கு வேறென்ன சோலி?"

சஜ்ஜாத் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேல் லயத்தில் செல்போன் சிக்னல் கிடையாது. செபமாலையம்மாள் கத்தாரில் இருக்கும் மகனோடு பேசுவது இந்த இணைப்பில்தான். இருந்தும் நான் பெட்டி கட்டினேன்.

பதிவகத்திலிருந்து வீடியோவில் அழைத்தார்கள். நானும் சஜ்ஜாத்தும் ஒரே பெஞ்சில் இருந்தோம். இப்போதுள்ள வீடுகளுக்கு இணைப்பு தொடருமா என்று அதிகாரி கேட்டார்.

ஆமாம் என்று ஒரு பொய் சொன்னால் வேலை முடிந்தது. சஜ்ஜாத் தரையைப் பார்த்தார்.

"நடத்தப்போறவரு பக்கத்துலதான் இருக்காரு சார். அவர்ட்டயே கேளுங்க." போனை அவர் முகத்துக்கு நேரே திருப்பினேன்.

அவர் நிமிர்ந்தார். "எண்ணை எங்கூருக்குக் கொண்டுபோகத்தானுங்க கேட்டோம்."

உண்மையிலேயே நடத்த ஆள் கிடைத்தால் வாருங்கள் என்று அழைப்பை முடித்துக்கொண்டார்கள்.

"நீங்களே ஆமான்னு சொல்லியிருக்கலாமுங்க்கா."

"நீங்க சொல்ல வேண்டியதுதானே?"

"எனக்கு வாய் வரலீங்க."

"எனக்கும்தான்."

அவருடைய கார் கொண்டை ஊசி வளைவில் மறைவதற்குள் ஜிஜி கூப்பிட்டாள். "அம்மா, சாமான் ஏத்தியாச்சா?"

"இல்லட்டி. மேல் லயத்துல கேபிள் அறுந்து கெடக்காம்."

"ஒனக்கு அதப்பத்தி என்ன தெரியும்?"

"சின்னமுத்துக்குத் தெரியும். ஜீப்புல ஹார்ன் அடிக்கான், நானும் கூடப் போறேன், போனை வைக்கேன்."