ஒன்பதாவது படம்

பீரோக் கண்ணாடி முன்னால் நின்று "வணக்கம்" என்று நாலாவது தடவையாகச் சொன்னபோது லிப்ட் மெக்கானிக்குக் குரல் கம்மிவிட்டது. கட்டிலில் உட்கார்ந்து செல்போனில் நேரம் பார்த்துக்கொண்டிருந்த மனைவி, வணக்கத்துக்கே இவ்வளவு நேரமென்றால் வருகிறவர்கள் பாய் தலையணையோடுதான் வர வேண்டும் என்றாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. பதினாறு வருஷமாக ஸ்பானரும் கையுமாகவே இருந்தவன். நாலு பேர் கூடின இடத்தில் வாயைத் திறந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்பேர்ப்பட்டவனைப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை அவன் பராமரிக்கிற எட்டு மாடிக் குடியிருப்புக்காரர்கள் முன்னால் நின்று, லிப்ட் பத்திரமாக இருக்கிறது என்று திரையில் படம் காட்டி விளக்கச் சொல்லியிருந்தார் லிப்ட் கம்பெனி மேனேஜர்.

பத்து நாளைக்கு முன் அந்த லிப்ட், உள்ளே ஆள் இருக்கும்போதே அரை மாடி கீழே வழுக்கிக்கொண்டு வந்து நின்றிருந்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் அன்றைக்கு நிறுத்தியதுதான், இன்னும் ஓடவில்லை. லிப்டைத் தாங்கும் இரும்பு ரோப் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று அவன் இரண்டு மாதம் தொடர்ந்து பராமரிப்பு அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தான். ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. இப்போது, அவனை ஊரின் மறுகோடியில் வேறு வேலைக்கு அனுப்பியிருந்த இரண்டு நாளில் ரோப் மாற்றியாகிவிட்டதாம். தலைமை அலுவலகத்திலிருந்தே ஆட்கள் வந்தார்களாம்.

மேனேஜர் தன் அறையிலேயே வைத்து அவனுக்குப் பாடம் நடத்தினார். பேண்ட் பாக்கெட்டுக்குள் கைவிட்டுச் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டே பேசுவது அவர் பழக்கம். யாராவது ஒருவர் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும், படத்துக்கு ஒரு விஷயம்தான் சொல்ல வேண்டும், புரியாத வார்த்தை கூடாது, அவசரப்படக் கூடாது. எல்லாம் நல்ல யோசனைதான், குறை சொல்ல முடியாது. ஒன்பதாவது படம் வந்ததும், புது ரோப்பை என் கையால் மாட்டினேன் என்று அவன் சொல்ல வேண்டும் என்றார். நான் மாட்டலையே சார் என்றான்.

"அவங்களுக்குத் தெரிஞ்ச முகம் உங்க முகம்தான். நீங்க சொன்னாதான் நம்புவாங்க," என்றார் மேனேஜர். "முடிச்சதும் முழங்கால் வலியோட படியேறுற அந்த ஏழாம் மாடி அம்மாவைக் கூட்டிக்கிட்டு நீங்களே முதல்ல லிப்டுல ஏறுங்க. அதுக்கு மேல யாரு என்ன கேக்கப்போறாங்க?"

அந்த ஒன்பதாவது படம்தான் அவனுக்கு நெருடியது. ரோப் பளபளவென்று புதுசாகத்தான் இருந்தது. ஆனால் அதன் மேல் இருந்த குறி மஞ்சள் பெயிண்டில் இருந்தது. எந்த மாடிக்கு வந்தால் ரோப் எங்கே நிற்கும் என்று பார்க்க மெக்கானிக்குகள் அதில் குறி போடுவார்கள். கம்பெனி பெயிண்ட் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், அவன் மனைவியின் சிவப்பு நெயில் பாலிஷால் போட்டு வந்தான். (முதல் பாட்டில் காணாமல் போனபோது அவள் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை, யாருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள் என்று நச்சரித்தாள்.) சரி, வந்தவர்கள் மஞ்சளில் போட்டிருக்கலாம். ஆனாலும் படத்தில் ரோப் மேல் சாய்வாக வெயில் விழுந்திருந்தது. ரோப் சுற்றுகிற உச்சி மாடி மெஷின் ரூமில் ஜன்னலே கிடையாது. ஆறு வருஷமாக மாசா மாசம் அதற்குள் வெந்து சாகிறவனுக்குத் தெரியாதா?

மனைவியிடம் படத்தைக் காட்டினான். அவள் போனைக் கீழே வைத்துவிட்டாள். "இத்தனை வருஷமா நீங்க இருக்கீங்களா செத்தீங்களான்னு கேக்காத மனுஷன், இப்ப கூப்பிட்டு மைக்கைக் கையில குடுக்கறாருன்னா சும்மாவா குடுப்பாரு?" என்றாள்.

கதவைத் திறந்து போட்டு வேலை செய்தபோது யாராவது எடுத்த படமாக இருக்கலாம் என்று அவன் தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தான். சனிக்கிழமை மத்தியானம் மனசு கேட்காமல் எட்டு மாடியும் படியேறிப் போனான். மெஷின் ரூம் கதவில் புதுப் பூட்டு. அவன் வைத்திருந்த சாவி அதில் நுழையக்கூட இல்லை. மேனேஜருக்குப் போன் போட்டால், பாதுகாப்புக்காக மாற்றினோம், நீங்கள் நாளைக்குப் பேச வேண்டியதைப் பாருங்கள் என்றார். பின்னணியில் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. ரோப்பை மாற்றியே இருக்க மாட்டார்களோ? மாற்றியிருந்து, இவன் தேவையில்லாமல் வாயைக் கொடுத்தால் வேலை போய்விடும். மாற்றாமலிருந்து இவன் பேசிவிட்டால்? அதற்கு மேல் யோசிக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குக் கீழ்த்தளத்துக் கூடம் நிரம்பிவிட்டது. ஏழாம் மாடி அம்மா முழங்கால் வலியோடு மாடிக்கு மாடி உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி வந்து, முன்வரிசையில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மேனேஜர் திரைக்குப் பக்கத்தில் நின்றார். சொல்லிக் கொடுத்தபடியே அவன் ஒருவர் முகத்தைப் பார்த்துப் பேசினான். அது அந்த அம்மாவின் முகமாக அமைந்தது. ஆச்சரியம், நாக்கு ஒட்டவில்லை. லிப்ட் எப்படித் தொங்குகிறது, பிரேக் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு படமாகச் சொல்லச் சொல்ல ஜனங்கள் தலையாட்டினார்கள். பின்வரிசையில் போன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள். பாக்கெட்டுச் சாவி தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

ஒன்பதாவது படம் வந்தது. அவன் பேச்சு நின்றது.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். ஏழாம் மாடி அம்மா கொஞ்சம் முன்னால் சாய்ந்து, அவன் முகத்தையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"இந்த ரோப்பை மாட்டினப்போ நீங்க கூட இருந்தீங்களா, தம்பி?"

இருந்தேன் என்ற வார்த்தை அவன் தொண்டைவரை வந்தது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் கைதட்டல், லிப்ட், மதியச் சாப்பாட்டுக்கு வீடு. அந்த அம்மாவின் கை முழங்காலைப் பிடித்துவிட்டபடி இருந்தது. அவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவனும்தான் லிப்டுக்குள் ஏற வேண்டும்.

"இல்லம்மா," என்றான். "நான் மாட்டல. பார்க்கவும் இல்ல. நான் குறி போட்ட பழைய ரோப்புல சிவப்பு நெயில் பாலிஷ் இருக்கும். மேல கதவைத் திறந்து பார்த்தா எந்த ரோப்புன்னு ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும். புதுப் பூட்டு போட்டிருக்கு. எங்கிட்ட சாவி இல்ல."

பிறகு பின்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது, அப்புறம் இன்னொன்று. சாவி யாரிடம் இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்துத் திரைக்கு முன்னால் வந்தார். ஒன்பதாவது படத்து ரோப்பும் அதன் மேல் விழுந்த வெயிலும் அவருடைய வெள்ளைச் சட்டையில் குறுக்காக விழுந்தன. சாவிச் சத்தம் நின்றுபோயிருந்தது. அவர் கை மட்டும் பாக்கெட்டுக்குள்ளேயே இருந்தது.