கல்லில் நெளிந்தவை

என் கணவருக்கு ஊதும் பழக்கம் உண்டு. மூக்குக்கண்ணாடியைத் துடைக்கும் முன் ஊதுவார், நாற்காலியில் உட்காரும் முன் ஊதுவார், ஆறிப்போன தேநீரையும் ஊதித்தான் குடிப்பார். கல்யாணமான நாளிலிருந்து சொல்லிச் சொல்லி எனக்குத்தான் வாய் வலித்தது.

அவர் விண்கல் ஆய்வகம் ஒன்றின் தலைவர். செவ்வாயிலிருந்து பெயர்ந்து வந்து பூமியில் விழுந்த கல் ஒன்று, கட்டைவிரல் அளவுதான், போன மாதம் அவர் கைக்கு வந்தது. அதை வெட்டி, உள்ளிருந்த பொடியில் ஒரு சொட்டு நீர் விட்டு நுண்ணோக்கியில் பார்த்தாராம். சுருள் சுருளாக ஏதோ நெளிந்ததாம். அன்றிலிருந்து மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. வேற்றுக் கோளில் உயிர் இருக்கிறது, அதை முதலில் பார்த்த கண் தன் கண் என்று பால் கொண்டு வருபவரிடம்கூடச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை பத்திரிகையாளர் கூட்டம்.

ஒரே தடங்கல் அவருடைய உதவியாளர். 'வெட்டிய பின் தலைவர் பொடியை வாயால் ஊதினார்' என்று அந்தப் பெண் ஆய்வகக் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிவிட்டாள். அந்த வரியை அடித்துவிடச் சொன்னார், மறுத்துவிட்டாள். அவளை வேலையிலிருந்து நீக்கும் கடிதம் ஞாயிறு மதியம் எங்கள் சாப்பாட்டு மேசைமேல் அவர் கையெழுத்துக்காகக் கிடந்தது.

"பொறாமை. எனக்குப் பேரு வந்துடும்ல, அதான் வயிறு எரியுது," என்றபடி அந்த நெளிவின் படத்தைப் போனில் ஓடவிட்டார். "பாரு. உனக்கெல்லாம் புரியாது, சும்மா பாரு."

எனக்குப் புரியாதாம். பல் மருத்துவமனையில் பதினெட்டு வருடமாக ஈறு அழுக்கை நுண்ணோக்கியில் பார்ப்பவள் நான். இதே நெளிவைத் தினமும் நாலு வாயிலாவது பார்க்கிறேன். மூன்று வருடமாக இவருக்கு ஈறில் ரத்தம் வருகிறது, வந்து காட்டுங்கள் என்று கெஞ்சியும் பார்த்துவிட்டேன். பெரிய அறிவாளிகளுக்கு ஈறு என்று ஒன்று இருப்பதே தெரியாது போலிருக்கிறது.

"வாயைத் திறங்க," என்றேன்.

"எதுக்கு?"

"திறங்க, சொல்றேன்."

கடைவாய் ஈறோரம் குச்சியால் சுரண்டி எடுத்து, வீட்டிலிருந்த என் பழைய நுண்ணோக்கியில் வைத்துப் படம் பிடித்தேன். அவருடைய படத்தையும் வாங்கி, இரண்டையும் கணினித் திரையில் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டேன்.

"இதுல எது உங்க கல்லு?"

"இதுதான்." வலப்பக்கத்தைத் தொட்டார், யோசிக்கவே இல்லை. "இந்த நெளிவைப் பாரு. பூமியில இருக்கறதுக்கு இந்தக் கம்பீரம் வருமா? அந்தப் பக்கம் இருக்கறது ஏதோ சாக்கடை."

"அந்தச் சாக்கடைதான் உங்க செவ்வாய். கம்பீரமா இருக்கறது உங்க கடைவாய்."

அவர் நாக்கு கன்னத்துக்குள் பல்லைத் தடவிப் பார்ப்பது வெளியே தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, நான் அடக்கவுமில்லை.

"யானைக்கும் அடி சறுக்கும்," என்றார் மெல்ல.

"சறுக்கின யானைதான விழணும்? அந்தப் பொண்ணு எதுக்கு விழணும்? அவளுக்குப் போன் போடுங்க. இல்லேன்னா நாளைக்குக் கூட்டத்துல இந்தப் படத்தோட முதல் வரிசையில உக்காந்திருப்பேன்."

கடிதத்தை இரண்டாகக் கிழித்தார். பிறகு போன் போட்டார். எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரை நானே தட்டிவிட்டேன்.

"நீங்க எழுதினது சரிம்மா. அது என் வாயிலேர்ந்து போனது. நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வாங்க. கூட்டம் இல்ல."

நன்றாக நாலு வார்த்தை கேட்பாள் என்று ஆசையோடு காத்திருந்தேன்.

"உங்கள மாட்டிவிட எழுதல சார்," என்றாள் அவள். "நம்மகிட்ட இருந்தது அந்த ஒரு கல்லுதான். அதுக்குள்ள நெசமாவே ஏதாவது இருந்திருக்கலாம். இனிமே எது கல்லோடது, எது உங்களோடதுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

என் சிரிப்பு நின்றுவிட்டது. இத்தனை நாள் இவர்மேல் கேலிதான் இருந்தது, இப்போதுதான் கோபம் வந்தது.

போனை வைத்துவிட்டு, ஆறிப்போன தேநீரை எடுத்தார். வாயருகே கொண்டுபோய் உதட்டைக் குவித்தவர், குடிக்காமலே கீழே வைத்துவிட்டார்.