முன் பிரேக்

முதல் அடி இடது மணிக்கட்டில் விழுந்தது. இரண்டாவதும் அங்கேயே. மூன்றாவது அடிக்குக் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன், கை வரவில்லை. எலும்பு போய்விட்டது என்று அப்போதே தெரிந்தது.

அடித்தவன் வெள்ளைத்துரை. போன மாதம் வரை என்னை அண்ணே என்று கூப்பிட்டவன். அழகர்கோவில் பக்கம் நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். அடித்த பைப் என் கடையுடையதுதான். நட்டு இறுகிப்போய்க் கழலாதபோது ஸ்பேனருக்கு நீளம் கூட்டச் சொருகுவேனே, அந்த இரும்புப் பைப். அவனோடு வந்த பங்காளிகள் இரண்டு பேர் என்னைப் பின்னாலிருந்து பிடித்திருந்தார்கள். அவன் அப்பா கண்ணுச்சாமி வாசலில் நின்றார். தடுக்கவும் இல்லை, ஏவவும் இல்லை. ஒன்பது நாள் தாடி முகத்தில் இருந்தது.

ஒன்பது நாளைக்கு முன்னால் அவருடைய சின்ன மகன் சூர்யபிரகாஷ் செத்துப்போனான். அழகர்கோவில் ரோட்டில் நின்றிருந்த கரும்பு டிராக்டரின் பின்னால் போய் மோதி, அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. இருபத்து நான்கு வயது. அதற்கு மூன்று நாள் முன்னால் அவன் பைக்குக்கு முன் பிரேக் பேடு மாற்றிக் கொடுத்தவன் நான்.

"பிரேக் புடிக்கலைன்னு எழுதியிருக்குடா! கவர்மெண்ட் பேப்பர்லயே எழுதியிருக்கு! டூப்ளிகேட்டப் போட்டு என் தம்பியக் கொன்னுட்டியேடா!"

அன்று காலையில்தான் ஸ்டேஷனிலிருந்து வண்டியை விட்டிருந்தார்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து எழுதிய தாளில், முன் பிரேக் வேலை செய்யவில்லை என்று ஒரு வரி. அந்த ஒரு வரியோடு, நொறுங்கிய வண்டியை மினி வேனில் ஏற்றிக்கொண்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக என் கடைக்கு வந்துவிட்டார்கள்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. மேலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பதினாறு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். சிவபாண்டிக்கு வேலை சுத்தம், வாய்தான் சுத்தமில்லை என்பார்கள். கெஞ்சியிருந்தால் ஒரு கையோடு விட்டிருப்பார்களோ என்னவோ. நான், "போட்ட பேடக் கண்ணால பாத்தியாடா? பாக்காம அடிக்கிறியே, நீயெல்லாம் ஒரு ஆம்பளையா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

அவ்வளவுதான். என் வலது கையைப் பிடித்து இழுத்து வேலை செய்கிற மேசையின் மேல் வைத்தான். பங்காளி ஒருவன் முழங்கையை அமுக்கிக்கொண்டான்.

"இந்தக் கையிதான மாட்டுச்சு? இது இருக்கக் கூடாது."

பயந்தேன். இதை மறைக்க என்ன இருக்கிறது? இடது கை போனால் கட்டுப் போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாவது பிழைக்கலாம். வலது கை போனால் நான் ஒன்றுமில்லை. எட்டாவதோடு படிப்பை விட்டவன். ஒரு ஸ்க்ரூ மரையில் நேராக இறங்குகிறதா, கோணலாகக் கடிக்கிறதா என்பது அந்தக் கைக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது. மூத்திரம் முட்டிக்கொண்டு வந்தது.

"ஐயா!" என்று வாசலைப் பார்த்துக் கத்தினேன். "கண்ணுச்சாமி ஐயா! ஒரே ஒரு தடவ அந்த பிரேக்கக் கழட்டிக் காட்டுறேன். நான் போட்டது டூப்ளிகேட்டா இருந்தா, தேஞ்சு கெடந்தா, ரெண்டு கையையும் எடுத்துக்கங்க. நானே நீட்டுறேன்."

வெள்ளைத்துரை பைப்பை ஓங்கிவிட்டான். கண்ணுச்சாமி கையை நீட்டித் தடுத்தார். பிறகு, "வண்டிய எறக்குங்கடா," என்றார்.

இறக்கினார்கள். முன்பக்கம் முழுவதும் மடங்கியிருந்தது. முன் சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க் குழாய் இரண்டும் பின்னால் வளைந்து, சக்கரம் வட்டமாகவே இல்லை. டேங்கில் சந்தனப் பொட்டு காய்ந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில் கறுப்பாகக் காய்ந்திருந்தது என்ன என்று நான் உற்றுப் பார்க்கவில்லை.

உடைந்த கையை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். முழங்காலால் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, ஒற்றைக் கையால் ஸ்பேனரைப் பிடித்தேன். கேலிப்பர் என்பது முன் சக்கரத்துத் தட்டை இரண்டு பக்கமும் பேடால் கவ்விப் பிடிக்கிற சாமான். அதற்கு இரண்டு போல்ட். முதல் போல்ட் சுலபமாக வந்தது. இரண்டாவதில் ஸ்பேனர் வழுக்கியது. பைப் என் முதுகில் இறங்கியது.

"சீக்கிரம்டா!"

உள்ளே கோத்திருந்த கம்பியை உருவியதும் பேடு இரண்டும் என் உள்ளங்கையில் விழுந்தன. அவற்றைக் கண்ணுச்சாமியிடம் நீட்டினேன்.

"பாருங்கய்யா. நடுவுல பள்ளமா ஒரு கோடு ஓடுதா? தேஞ்ச பேடுன்னா இந்தக் கோடு இருக்காது. இது அம்புட்டும் அப்படியே இருக்கு. பின்னாடி திருப்புங்க."

நான் மாட்டுகிற எந்தப் பேடிலும் பின்பக்கத் தகட்டில் அரத்தின் முனையால் தேதியைக் கீறிவிடுவேன். நாளைக்கு ஒருத்தன் வந்து, மாற்றவே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. தேதி இருந்தது. பக்கத்திலேயே கம்பெனி முத்திரையும் இருந்தது. பங்காளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்பறம் ஏன்டா புடிக்கல?" வெள்ளைத்துரை என் முடியைப் பிடித்துத் தலையை வண்டியில் மோதினான். "சொல்றா! ஏன் புடிக்கல?"

நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. ஆனாலும் அவன் கேட்டது நியாயமான கேள்வி. எனக்கே பதில் தெரியவில்லை. பேடு ஒன்றைத் திரும்ப வாங்கி, அதன் தேய்கிற பக்கத்தைத் தடவினேன். புதுப் பேடு சொரசொரவென்று உலர்ந்திருக்க வேண்டும். இது வழவழவென்று கறுத்து, விரலில் ஒட்டியது.

"ஃபோர்க்கு ஆயில் ஒழுகியிருக்கும். அதுவும் இவன் பாத்த வேலைதான்," என்றான் பங்காளி ஒருவன்.

மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். ஃபோர்க் ஆயில் எப்படி நாறும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இது அது இல்லை. இது அடுப்படி வாசனை. டேங்கிலிருந்த சந்தனப் பொட்டைத் திரும்பப் பார்த்தேன். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியதும் முதலில் வந்தது சந்தோஷம். பொய் சொல்ல மாட்டேன், ஜெயித்துவிட்டேன் என்று நெஞ்சு துள்ளியது. என் கை எனக்குத் தப்பியது.

"மோந்து பாருங்கய்யா."

கண்ணுச்சாமி மோந்தார். "நல்லெண்ணெ," என்றார்.

"ஆயுத பூசைக்கு வண்டியக் கழுவுனது யாரு?"

அவருக்குச் சூது தெரியாது. கேட்டதற்குப் பதில் சொன்னார். "பெரியவன்தான். தம்பி வண்டிய வேற யாரையும் தொட விடல. மம்பட்டி, அருவாளுக்கெல்லாம் எண்ணெ தடவுனப்ப, இந்தத் தட்டும் தண்ணி பட்டுத் துருப்புடிக்குதுன்னு துணிய நனச்சுத் தேச்சு வச்சான். கண்ணாடி கணக்கா மின்னுச்சு. மறுநாள் காலையில சின்னவன் எடுத்துட்டுப் போறப்பகூட..."

அதோடு நின்றுவிட்டார்.

நானும் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கை தப்பிவிட்டது, இனி என்ன? ஆனால் முறிந்த எலும்பு ஒரு பக்கம், முதுகு ஒரு பக்கம், என் ஆத்திரம் அடங்கவில்லை.

"பிரேக் புடிக்கிற எடமே அந்தத் தட்டுதான்யா! அதுல எண்ணெ பூசுனா பேடு குடிச்சிரும். அப்பறம் என்ன அமுக்குனாலும் வழுக்கும். பின் பிரேக்கு மட்டும் அந்த வேகத்துக்குக் காணாது. ஒங்க மகனக் கொன்னது நானில்ல. அந்தா நிக்கிறான் பாருங்க, அவன்தான்!"

வெள்ளைத்துரையின் கையிலிருந்து பைப் கீழே விழுந்தது. "இரும்புதானப்பா," என்றான். "துருப்புடிக்கக் கூடாதுன்னுதானப்பா..."

கண்ணுச்சாமி குனிந்து பைப்பை எடுத்தார். நிமிர்ந்த வேகத்தில் மகனின் தோளில் போட்டார். அவன் மண்டியிட்டு விழுந்தான். இரண்டாவது அடி காதுக்கு மேலே விழுந்து தோல் பிளந்தது. ரத்தம் சட்டைக் காலரில் கொட்டியது. பங்காளிகள் மரம் மாதிரி நின்றார்கள். அவன் தடுக்கக் கையைத் தூக்கவே இல்லை. கையிரண்டும் தொடைமேல் கிடந்தன.

"அடிங்கப்பா," என்றான்.

முதல் அடிக்கு, வேணும்டா உனக்கு என்றுதான் நினைத்தேன். இரண்டாவதுக்குத் தரையிலிருந்து எழுந்துவிட்டேன். மூன்றாவதற்கு அவர் இரண்டு கையாலும் பைப்பைத் தலைக்கு மேல் தூக்கினார். குறி உச்சந்தலை. யாரை அடிக்கிறோம் என்பது அந்தக் கண்ணில் இல்லை. அது இறங்கினால் அவன் பிழைக்க மாட்டான்.

நான் பாய்ந்து நடுவில் கையை நீட்டினேன். எந்தக் கை என்று யோசிக்க நேரமில்லை. எனக்கு நீட்ட வருகிற கை ஒன்றுதான் இருந்தது. விரல்கள் முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

"ஐயா!" என்று அலறினேன். "இருக்கறது இவன் ஒருத்தன்தான்யா!"

கண்ணுச்சாமி மறுபடி ஓங்கிய பைப்போடு அப்படியே நின்றார். பிறகு அதைப் போட்டுவிட்டு, கிரீஸ் படிந்த தரையில் மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வேட்டி முனையைச் சுருட்டி அவன் மண்டையில் ரத்தம் வருகிற இடத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.