தம் கட்டுங்க

காலைச் சாப்பாட்டுக்குப் பாண் துண்டைச் சம்பலில் தொட்டுக்கொண்டிருந்த அஜந்தன் வாய்விட்டுச் சிரித்தான்.

"மூச்சைப் பிடிங்கன்னா சொல்ற, லெக்சரம்மா? எங்க தோட்டத்துல மூச்சுப்பிடிப்புன்னா வெலாவுல வலி. தைலம் போட்டு நீவுவாங்க."

"அதுக்குத்தானோ மூண்டு பேரும் விலாவைத் தடவிக் காட்டினவை?" என்றாள் அவன் மனைவி நிரோஷா.

"பின்ன? வலிக்குதான்னு நீ கேக்கிறேன்னு நெனச்சிருப்பாங்க. தம் கட்டுங்கன்னு சொல்லு. கொழுந்து மூட்டையத் தூக்குறப்ப எங்கம்மா அப்பிடித்தான் சொல்லும். யாழ்ப்பாணத்து வாயில வருதான்னு பாப்போம்."

நிரோஷா இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். அவன் இரண்டு தரமும் திருத்தினான். பிறகு மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, ஹேவாஹெட்டயில் தான் படிப்பிக்கும் பாடசாலைக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பினான்.

நிரோஷா பல்கலைக்கழகத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சை கற்பிப்பவள். இடது மார்பில் புற்றுநோய் வந்தவர்களுக்குக் கதிர் பாய்ச்சும்போது, அடியிலிருக்கும் இதயத்திலும் அது பட்டுவிடும். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து இருபது நொடி அடக்கினால் இதயம் விலகிக்கொள்ளும். அதுதான் அவளுடைய ஆய்வு. சிங்களத்தில் சொல்லக் கேட்ட பெண்கள் சுலபமாகச் செய்தார்கள். தமிழ்ப் பெண்கள் மூவருக்கும் சரிவரவில்லை. இன்றும் தவறினால் தமிழ் பேசுவோரை விட்டுவிட்டே ஆய்வைத் தொடரலாம் என்று கூட இருந்தவர்கள் சொல்லியிருந்தார்கள்.

நான்காவதாக வந்தவள் வத்தேகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து வேலாயி. ஸ்கேன் மேசையில் படுத்திருந்தாள். கண்ணாடிக்கு இப்பால் மாணவி ருஷ்தா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிரோஷா மைக்கில் ஒத்திகைக்குச் சொன்னாள்:

"அக்கா, நல்லா மூச்ச இழுங்க. தம் கட்டுங்க."

"அம்புட்டுத்தானா? மூட்டை எங்க, தாயி?"

ருஷ்தா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்த தரம் நிஜமாகவே. திரையில் மூச்சைக் காட்டும் கோடு மேலே ஏறியது. ஏறிய இடத்திலேயே நின்றது.

"பதினெட்டு... பத்தொம்பது... இருபது... மிஸ், இன்னும் புடிச்சிட்டு ஈக்கிறாங்க! விடச் சொல்லுங்க மிஸ்!"

"ஐயோ! விடுங்க அக்கா, விடுங்க!"

"இன்னொரு மூட்டையும் தூக்கியிருப்பேன்," என்றாள் வேலாயி, மூச்சு வாங்க.

படம் வந்தது. இதயம் கதிரின் பாதையை விட்டுத் தள்ளி நின்றது. ருஷ்தா அளந்தாள். பதினான்கு மில்லிமீற்றர். நம்பாமல் நிரோஷாவும் அளந்தாள். இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்ததைப் பார்த்து, வாசலில் நின்ற தாதி சிரித்துக்கொண்டே போனாள்.

நிரோஷா தாழ்வாரத்துக்கு ஓடி அஜந்தனுக்கு அழைத்தாள். மூன்று தரம். எடுக்கவில்லை. வகுப்பில் இருப்பான், இடைவேளையில் சொல்லலாம் என்று தொலைபேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

ஹேவாஹெட்ட வீதியில் மண்மேடு சரிந்தது காலை ஏழரைக்கு. அவளுக்குத் தகவல் வந்தது பதினொன்றரைக்கு.

அஜந்தனின் கருமாதி முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய நாளில்தான் வேலாயிக்கு முதல் சிகிச்சை. தொடங்குமுன் அளவைச் சரிபார்க்க வேண்டும். தான் பார்ப்பதாக ருஷ்தா சொன்னாள். நிரோஷா வேண்டாமென்று தலையசைத்துவிட்டு, கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து தானே அளந்தாள்.

பதினான்கு மில்லிமீற்றர்.