ஹாம்பர்க்குக்குப் போன துணி

வைகுண்டராஜ் நாசமாய்ப் போகவேண்டும் என்று நான் வேண்டாத கோயில் இல்லை. எந்தச் சாமியும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. கடைசியில் நானேதான் பார்த்துக்கொண்டேன்.

நடந்தது எண்பத்தெட்டில். நம்மைப் போன்ற ஏழை நாடுகளில் கையால் நெய்த துணி என்றால் ஐரோப்பாக்காரர்கள் இறக்குமதி வரியைத் தள்ளிவிடுவார்கள். கைத்தறிதான் என்று நம் ஊர் ஆபீசர் சர்டிபிகேட் கொடுக்கவேண்டும். மெஷின் துணிக்கு அந்தச் சலுகை கிடையாது. இதை வைத்துத்தான் ராஜபாளையத்து வைகுண்டராஜ் பங்களா கட்டினான். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவில் கொட்டகை போட்டு, வரிசையாகக் குழித்தறிகளை இறக்கி ஆபீசருக்குக் காட்டுவான். கப்பலில் ஏறுவதோ ராஜபாளையத்தில் அவனுடைய பவர்லூம் ஷெட்டில் ஓட்டிய துணி. மூட்டைக்கு மேலாக நாலு மடிப்பு எங்கள் துணி இருக்கும், அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் வேல்சாமியும் தறிக்காரர்தான். அந்தக் கொட்டகைக்கு மேஸ்திரி. மூட்டை கட்டும் இடத்துக்குள் அவரை விட்டதே இல்லை. ஒரு தடவை ஜெர்மனியில் ஹாம்பர்க் துறைமுகத்தில் மூட்டையை அடிவரை பிரித்துப் பார்த்துவிட்டார்கள். மதுரையிலிருந்து விசாரணைக்கு வந்தவர்களிடம் வைகுண்டராஜ் நாக்கூசாமல் சொன்னான்: "எல்லாம் இந்த மேஸ்திரி பண்ணுன வேலை சார். நல்ல துணிய வெளிய வித்துட்டு, மெஷின் துணிய உள்ள வச்சுக் கட்டிட்டான்."

அட பாவி! தெருவும் அதை நம்பியது. எங்கள் வீட்டுக்குத் 'திருடன் வீடு' என்றே பேர் விழுந்தது. அவருக்கு ஒருத்தரும் வேலை கொடுக்கவில்லை. மனுஷன் வாசலுக்கே வருவதில்லை. சோறு வைத்தால் சாப்பிடுவார். பேச்சு நின்றுபோயிற்று.

நான் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு அதே கொட்டகையில் தறி நாடாவுக்கு நூல் தார் சுற்றப் போனேன்.

"ஏட்டி, ஒனக்குச் சூடு சொரண இருக்கா? புருஷனத் திருடன்னு சொன்னவன்கிட்டயே போய் நிக்கியே" என்றாள் பக்கத்து வீட்டு முத்தாத்தாள்.

"இருக்கு. அதான் போறேன்" என்றேன்.

அடுத்த சரக்குக்கு, தறி ஓடுவதை ஆபீசரே நேரில் பார்த்தால்தான் சர்டிபிகேட் என்றாகிவிட்டது. கணக்கப்பிள்ளை காளிராஜ் என்னிடம் வந்தான்.

"செவ்வாக்கெழம ஆபீசர் வாராரு. மொதலாளிதான் நாள் சொல்லிருக்காரு. தறிக்காரங்ககிட்ட நீயே சொல்லிரு, சுந்தரம்."

செவ்வாய்க்கிழமை அமாவாசை. எங்கள் ஆட்கள் தலையே போனாலும் அன்றைக்குத் தறிக்குழியில் கால் வைக்கமாட்டார்கள். ராவும் பகலும் மெஷின் ஓட்டுகிற வைகுண்டராஜுக்கும் அவன் கணக்கப்பிள்ளைக்கும் எல்லா நாளும் ஒன்றுதான். நான் தலையை ஆட்டினேன். ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை.

செவ்வாய் காலை கொட்டகையில் ஈ, காக்கை இல்லை. காளிராஜ் வீடு வீடாக ஓடினான்.

"அமாவாசையும் அதுவுமா தறியா? ஏலே, ஒனக்குப் புத்தி பெரண்டு போச்சா?" என்று கதவைச் சாத்தினார்கள்.

வேறு வழியில்லாமல் வைகுண்டராஜ் தன் பவர்லூம் ஆட்களை வேனில் அள்ளிக்கொண்டு வந்து குழிகளில் உட்காரவைத்தான். சுவிட்சைத் தட்டிப் பழகியவர்களுக்குக் கைத்தறியை மிதிக்கத் தெரியுமா? ஆபீசர் உள்ளே வரவும் ஒருத்தன் கயிற்றை வெடுக்கென்று இழுத்தான். ஊடை நூல் ஓட்டும் நாடாக்கட்டை பறந்துபோய் வைகுண்டராஜின் முழங்காலில் மொத்தியது. இன்னொருத்தன் ஒரே இழுப்பில் பாதிப் பாவு நூலை அறுத்துவிட்டுத் திருட்டு முழி முழித்தான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன்.

"நெய்யத் தெரிஞ்ச ஆள் இங்க யாராவது இருக்காங்களா, இல்லையா?" என்றார் ஆபீசர்.

வைகுண்டராஜ் என்னை வாசலுக்குக் கூப்பிட்டான். முகத்தில் ஈயாடவில்லை.

"சுந்தரம், வேல்சாமியக் கூட்டிட்டு வா. செத்த நேரம் தறியில ஒக்காந்தாப் போதும்."

"திருடனப் போயா கூப்பிடுதீக, மொதலாளி?"

"பழசக் கிண்டாதட்டி. சரக்கு அம்புட்டும் மொடங்கிப் போயிரும்."

"அவுக திருடன் இல்லன்னு இந்தத் தெருவுல நின்னு சொல்லுங்க."

"அவன் திருடன் இல்ல" என்று முணுமுணுத்தான்.

"எனக்கே கேக்கல. தெருவுக்கு எப்படிக் கேக்கும்? அப்போ அந்த மெஷின் துணிய யாரு வச்சுக் கட்டுனா?"

சாத்திய கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கொட்டகைக்குள் ஆபீசர் கிளம்புவதற்காகப் பையை எடுத்தார். அதைப் பார்த்ததும் வைகுண்டராஜுக்குப் பதற்றம் தலைக்கேறிவிட்டது. தொண்டை கிழியக் கத்தினான்.

"வேல்சாமி திருடல! அது என் ஷெட்டுத் துணி! நான்தான் வச்சுக் கட்டச் சொன்னேன்! போதுமாட்டி?"

"போதும்" என்றேன்.

அவனுக்குப் பின்னால் ஆபீசர் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். "இப்ப சொன்னத அப்படியே மதுரைக்கு வந்து எழுதிக் குடுங்க" என்றார்.

சர்டிபிகேட் போயிற்று. அதோடு கொட்டகையும் போயிற்று. வேலை போன தறிக்காரர்களின் வீட்டுப் பெண்கள் என்னை மண்ணை வாரித் தூற்றினார்கள். தூற்றட்டும். என் புருஷனைத் திருடன் என்றபோது இவர்களில் ஒருத்தியாவது வாய் திறந்தாளா?

அன்றைக்கு வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்தபடியே கேட்டார். பிறகு மெள்ளத் திரும்பினார்.

"சத்தமாவா சொன்னான்?"

"தொண்ட கிழியச் சொன்னான்."

"எல்லாரும் கேட்டாகளா?"

"தெருவே கேட்டுச்சு."

"இன்னொரு தடவ சொல்லு" என்றார்.

சொன்னேன். குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் அழுதேன். அவருக்கு ஆறிப்போயிற்று. எனக்கு ஆறவில்லை, அவன் பட்டது எனக்குப் போதவில்லை.