வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

முதியோர் பாதுகாப்பு அலுவலருக்கு அலுவலகத்தில் ‘சிடுசிடு மேடம்’ என்று பெயர். வைத்தவர்கள் மேல் தப்பு இல்லை. புகார் கொடுப்பவர் பெயர் சொல்ல மாட்டார். பெயர் சொன்னவர் சாட்சிக்கு வர மாட்டார். அடி வாங்கியவரோ, அடித்தவனுக்கு வக்கீல் வைக்காத குறையாகப் பேசுவார். இந்த வேலையில் சிரித்த முகமாக இருக்க வேண்டுமென்றால் ஒன்று ஞானியாக இருக்க வேண்டும், இல்லை காது கேட்காதவராக இருக்க வேண்டும். மேடம் இரண்டுமில்லை.

இந்த வழக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. மாடிவீட்டில் ஒரு பெரியவரைப் பகல் முழுக்க அறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டுப் போகிறார்கள், மனிதர் கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்து போகிறார் என்று கீழ்வீட்டு டியூஷன் டீச்சர் போனில் அழுதாள். மேடம் நேரில் போய் நின்றபோது அதே டீச்சர் கதவை ஒரு கண் தெரியும் அளவுக்குத் திறந்தாள்.

“நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. நாளைக்கும் அவங்க மூஞ்சிலதானே நான் முழிக்கணும்?”

மாடியில் மகன் வாயெல்லாம் பல்லாக வரவேற்றான். கடைவீதியில் பூட்டும் தாழ்ப்பாளும் விற்று, வீட்டுக்கே வந்து மாட்டியும் கொடுக்கிறவன். உட்காரச் சொல்வதற்கு முன்பே தன் கடை அட்டையை நீட்டினான். ‘யானை தள்ளினாலும் அசையாது’ என்று அதில் பெரிய எழுத்தில் இருந்தது. மேடத்தின் கைப்பையில் இருந்த கொக்கியைப் பார்த்து, இதெல்லாம் ஒரு கொக்கியா என்று வருத்தப்பட்டான். ஆனால் பெரியவரின் அறைக்கதவில், வெளிப்பக்கம் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு இரும்புத் தாழ்ப்பாள் எதற்கு என்று கேட்டதும் அந்த ஆர்வம் எங்கோ போய்விட்டது. எப்பவோ யாரோ மாட்டியதாம். காற்றில் கதவு அடிக்காமல் இருக்க என்று நினைக்கிறானாம். மாமாவுக்கு நாங்கள் என்ன குறை வைத்தோம் என்று மருமகள் மூக்கை உறிஞ்சினாள்.

உள்ளே நாற்றம் குப்பென்று அடித்தது. கழிப்பறை எதிரிலேயே இருக்க, கட்டிலுக்கு அடியில் ஒரு பாட்டில் நிரம்பி நின்றது. பெரியவரின் முதுகில் படுக்கைப் புண். வலது தோள் கன்றிப் பச்சையாகிக் கிடந்தது.

“இது என்ன ஐயா?”

“சுவத்துல சாஞ்சேம்மா.”

“சுவத்துல சாஞ்சா இப்படியா கன்னிப்போகும்?”

“பழைய சுவரு.”

மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு மேடம் பக்கத்தில் உட்கார்ந்து எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். கல்லில் நார் உரிக்கிற வேலை. பெரியவர் ஒரே பாட்டைத் திருப்பித் திருப்பிப் பாடினார்: என் பையன் தங்கம்.

“தங்கத்தைத்தான் வெச்சுப் பூட்டுவாங்க. அவர் எதுக்கு உங்களைப் பூட்டுறாரு?”

பெரியவர் சிரித்து வைத்தார்.

போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டையா கொட்டாவி விட்டார். பெரியவரே அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்கிறபோது நமக்கென்ன வம்பு என்றார். மேடம் பெஞ்சைவிட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்தே காரியத்தைச் சாதித்தார். வழக்குப் பதிவானது. தாழ்ப்பாளைக் கழற்றி எடுத்துப்போனார்கள். பெரியவர் தற்காலிகமாக அரசு இல்லத்துக்குப் போனார். பரிசோதித்த டாக்டர் தெளிவாகவே சொல்லிவிட்டார்: சர்க்கரை தாறுமாறாக இருக்கிறது, பூட்டிய அறைக்குள் ஒருமுறை மயங்கி விழுந்தால் அடுத்து கதவைத் திறக்கிறவர்கள் பிணத்தைத்தான் பார்ப்பார்கள். வழக்கு தோற்றால் பெரியவர் அதே அறைக்குத்தான் திரும்ப வேண்டும்.

நீதிமன்றத்தில் வழக்கு தோற்கத்தான் பார்த்தது. டீச்சருக்கு அன்றைக்கென்று காய்ச்சல். கூண்டில் ஏறிய பெரியவர் நீதிபதியைக் கும்பிட்டு, என் பையன் தங்கம் என்றார். தாழ்ப்பாள் யார் போட்டது என்று கேட்டதற்கு, ஞாபகமில்லை என்றார். கூண்டுக்குள் புகுந்து அவரைப் பிடித்து உலுக்கலாமா என்று மேடத்துக்கு வந்தது. அப்புறம், முதியவரைத் துன்புறுத்தியதாகத் தன்மேலேயே வழக்கு வரும் என்று பேசாமல் இருந்தார்.

மகனின் வக்கீலுக்கு அத்தோடு நிறுத்தத் தெரியவில்லை. ஜெயித்த குதிரையை இன்னும் ஒரு சுற்று ஓட்டிக் காட்ட ஆசைப்பட்டார். மேஜைமேல் இருந்த தாழ்ப்பாளை இரண்டு விரலால் தூக்கி, செத்த எலியைக் காட்டுவது போல நீதிபதிக்குக் காட்டினார். இது ஒரு தாழ்ப்பாளா? தகர டப்பா. எவனோ அரைகுறை மாட்டிவிட்டுப் போனது. சின்னக் குழந்தை தள்ளினாலே கையோடு வந்துவிடும். இதைப் போட்டு ஒருவரை அடைத்து வைத்தார்கள் என்று சொன்னால் சிரிக்க மாட்டார்களா? சொல்லச் சொல்ல, பின்னால் மகனின் காது சிவந்தது, கழுத்து சிவந்தது. மருமகள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“டப்பான்னு சொல்லாதீங்க சார்.” எழுந்தேவிட்டான். “என் கடைச் சரக்கு அது. நானே கையால மாட்டினது. ஒவ்வொரு ஸ்குரூவும் எப்படி இறங்கியிருக்குன்னு பாருங்க. அதைத் தள்ளித் திறந்தவன் இன்னும் பொறக்கலை.”

வக்கீல் தாழ்ப்பாளை மெல்ல மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். மருமகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

நீதிபதி பெரியவரைத் திரும்பக் கூண்டுக்கு அழைத்தார். உங்கள் மகன் சொன்னதைக் கேட்டீர்களா, என்ன சொல்கிறீர்கள் என்றார். பெரியவர் மகனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அவன் சொல்றது நெசம்தாங்க,” என்றார். “வேலையில அவனைக் குத்தம் சொல்ல முடியாது. நான் தெனமும் தோளைக் குடுத்துத் தள்ளிப் பார்த்திருக்கேன். அசையலை.”

வலது கை தானாக எழுந்து தோளைத் தடவிக்கொண்டது. மேடம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மகனுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. வீடு பெரியவருடையது. அவரை அங்கேயே குடிவைக்க வேண்டும், மருமகள் வெளியேற வேண்டும் என்றும் தீர்ப்பு சொன்னது. பகலில் ஒரு நர்ஸ் ஏற்பாடானது. சரி, இதோடு விட்டது என்று மேடம் கிளம்பியபோது பெரியவர் கூப்பிட்டார். அறைக்கு ஒரு தாழ்ப்பாள் வேண்டுமாம்.

“பட்டது போதாதா ஐயா?”

“உள்பக்கம்மா. அவன் கடைச் சரக்காப் பாத்து வாங்கியாரச் சொல்லு.”

உள்ளே மயங்கி விழுந்தால் யார் திறப்பது, வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி வேறு கம்பெனியில் நல்லதாகக் கிடைக்கிறது என்று மேடம் மன்றாடினார். தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். கடைசியில் ஒரு சமரசம்: தாழ்ப்பாள் அவர் கேட்டது, கதவின் மேல்பாதி மட்டும் கண்ணாடி.

அடுத்த வாரம் மேடம் டாக்டரோடு போனபோது கதவு தாழ் போட்டிருந்தது. தட்டினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரியவர் கட்டிலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பது நன்றாகத் தெரிந்தது. அவருக்கும் இவர்கள் தெரிந்தார்கள்.

“யாரு?”

“நான்தான் ஐயா.”

“என்ன விஷயம்?”

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். மேடம் விஷயத்தை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.